ஒருபக்கம் பழகிய குதிரை

நம் வயதுக்காரிகள் நாலு பேர் ஒன்றாகச் சேர்ந்தால், பேச்சு எங்கே சுற்றினாலும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒன்றுதான். “நம்ம காலத்துல எல்லாம் எவ்ளோ அடக்கமா இருந்தோம்” என்பீர்கள். போன மாதம் ஒரு வளைகாப்பில்கூட, கையில் வளையல் அடுக்கிக்கொண்டே ஒருத்தி சொன்னாள். மற்ற எல்லாரும் தலையாட்டினீர்கள். சபையில் எதற்கு வம்பு என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகும் அதை என்னால் விட முடியவில்லை. அதனால் எழுதுகிறேன். நான் அடக்கமாக இருக்கவில்லை. இருந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்கும்.

எண்பதுகளின் நடுவில் ஒரு கோடை அது. எனக்குப் பதினொரு வயது. என் நைனா திண்டிவனம் ரயிலடியில் ஜட்கா ஓட்டினார். நம் ஊருக்கு அப்போதுதான் நாலைந்து ஆட்டோக்கள் வந்திருந்தன. ரயிலை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் ஆட்டோவைப் பார்ப்பார்கள், வாடகை கேட்டுவிட்டு, பிறகு ஜட்காவைப் பார்ப்பார்கள். சவாரி குறைந்துகொண்டே வரவே, நைனா யோசித்து யோசித்து ஒரு முடிவுக்கு வந்தார். கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலத்துக்குக் குதிரை வேண்டுமென்றால் அப்போது பாண்டிச்சேரியிலிருந்து வரவேண்டும். அதை நாமே வைத்துக்கொண்டால் என்ன? இப்படித்தான் விழுப்புரத்துத் தரகர் ஒருவரிடமிருந்து அந்தக் குட்டி எங்கள் வீட்டுக்கு வந்தது.

குட்டி என்றால் கைக்குழந்தை இல்லை. மூன்று வயதுப் பெட்டை. சாம்பல் நிறம், முழங்காலுக்குக் கீழே கறுப்பு. முதுகில் அன்றுவரை எதுவும் ஏறியதில்லை, கழுத்தில் நுகம் பட்டதில்லை. விழுப்புரத்திலிருந்து டிரங்க் ரோடு ஓரமாகவே நடத்திக் கூட்டிவந்திருந்தார் நைனா. லாரிச் சத்தத்துக்கு மிரண்டு மிரண்டு அவர் உள்ளங்கையைக் கயிறு அறுத்திருந்தது. “கல்யாணக் குதிரைக்கு ஏர்க்கால் தழும்பு இருக்கக் கூடாது. இத்த வண்டியில பூட்டவே மாட்டேன்” என்றார். நாற்பது வருடம் குதிரையோடு பிழைத்தவர். ஆனால் அந்த நாற்பது வருடமும் குதிரைக்குப் பின்னால் உட்கார்ந்தவர். மேலே உட்கார்ந்தவர் இல்லை. அந்த வித்தியாசம் எங்களில் யாருக்கும் அப்போது உறைக்கவில்லை.

எங்கள் வீட்டுக் கொல்லை குறுகல். குட்டியை வலதுபக்கம் சுவரை ஒட்டினாற்போலக் கட்டினால்தான் மனுஷர் நடக்க இடமிருக்கும். ஆகவே கொள்ளு வைப்பதும் தேய்ப்பதும் தடவுவதும் எல்லாம் இடதுபக்கத்திலிருந்துதான். அவித்த கொள்ளின் வாசனையும் ஈரச் சாணத்தின் வாசனையுமாக வீடே மாறிப்போனது. முதல் வாரம் வெறுமனே நடத்தினார் நைனா. முகக்கயிற்றைப் பிடித்து நிறுத்துவார், நடத்துவார், மறுபடி நிறுத்துவார். அப்புறம் ஏரிக்குக் கூட்டிப்போய் நீளக் கயிற்றில் வட்டமாக ஓடவிட்டார். கோடையில் வற்றிய ஏரியில் மணல் ஆழமாக இருக்கும். துள்ள நினைத்தாலும் கால் புதைந்து, கொஞ்ச நேரத்தில் தானாக அடங்கும்.

கடிவாளத்துக்குத்தான் பெரிய ரகளை. கொள்ளென்றால் வாயைத் திறக்குமாம், கடிவாளமென்றால் மூடிக்கொள்ளுமாம் என்று சும்மாவா சொன்னார்கள்? நான்தான் இரும்பில் வெல்லப்பாகைத் தடவி வைத்தேன். நக்கியது. மூன்றாம் நாள் அதுவே வாயைக் கொண்டுவந்து கொடுத்தது. நைனா அதைப் பார்த்துவிட்டு, “பரவால்லியே” என்றார். அவரிடமிருந்து நான் கேட்ட பாராட்டு மொத்தமும் அந்த ஒரு சொல்தான்.

முதுகில் முதன்முதலாக ஏறவேண்டியவன் என் அண்ணன். பதினைந்து வயது. அவனுக்கு எட்டு வயதாக இருக்கும்போது ஜட்காக் குதிரை அவன் தோள்பட்டையைக் கடித்துவிட்டது. அதிலிருந்து குதிரை என்றாலே அவன் பத்தடி தள்ளித்தான் நிற்பான். ஏரியில் வைத்து நைனா அவனைத் தூக்கி ஏற்றப்போனார். அவன் குட்டியின் பிடரியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு அழுதான். குட்டிக்கும் பயம், அவனுக்கும் பயம். இரண்டும் ஒரே நேரத்தில் நடுங்கின. நைனாவுக்கு உடம்பு கனம், முழங்கால் வேறு பிசகினது. முதல்முதலில் லேசான ஆளாக ஏறவேண்டும் என்று அவருக்கே தெரியும். சுற்றுமுற்றும் பார்த்தார். நான் நின்றுகொண்டிருந்தேன்.

அம்மா மல்லாட்டை உடைத்துக் கடலை எடுக்கும் மில்லுக்கு விடிந்தால் போய்ப் பொழுது சாய்ந்தால் வருவாள். வீட்டில் அத்தையின் ராஜாங்கம்தான். நைனாவுக்கு அக்கா. புருஷன் விட்டுவிட்டுப் போனதால் எங்களோடு இருந்தாள். நைனா என்னை ஏற்றப்போகிறார் என்று கேள்விப்பட்டதும் முறத்தைக் கீழே போட்டாள்.

“பொட்டப் புள்ள குதிர மேல காலை விரிச்சிக்கினு உக்காந்தா ஊரு இன்னாடா பேசும்? நாளைக்கு எவன்டா கட்டுவான்?”

“பழக்கறதுக்குத்தான்க்கா. ஒரு மாசம்.”

“ஒரு நாளும் வாணாம்.”

இரண்டு பேரும் பேசிப் பேசிக் கடைசியில் ஓர் ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அத்தைதான் தீர்ப்புச் சொன்னாள். “சைக்கிள் கேரியர்ல எப்பிடி உக்காருவ? அந்த மாதிரி ஒருபக்கமா காலைப் போட்டுக்கினு உக்காரு. பாவாடைய இழுத்து மூடிக்கோ.”

ஏன் என்று கேட்டேன். “கேக்காத” என்றாள். இன்று எனக்குப் புரிகிறது. புருஷன் விட்டுப் போனவள் அவள். ஊர் என்ன பேசும் என்பதை என்னைவிட நன்றாகக் கேட்டுச் சலித்தவள். புரிகிறது என்பதற்காக அவள் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன்.

ஏரிக்கரை மேட்டோரம் குட்டியை நிறுத்தினார்கள். முதலில் கோணிப்பையில் மணல் போட்டு முதுகில் வைத்து நடத்தினோம். பிறகு நான் குப்புறப் படுத்துக்கொண்டேன். அதன் முதுகு என் வயிற்றின் கீழே சூடாக இருந்தது. தோல் ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. நாலாம் நாள், மடித்த கம்பளியின் மேல், இரண்டு காலையும் இடதுபக்கம் தொங்கவிட்டு உட்கார்ந்தேன். நடந்தது. எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அங்கிருந்து பார்த்தால் நைனாவின் உச்சந்தலை தெரிந்தது. அதில் வழுக்கை விழ ஆரம்பித்திருந்ததை முதன்முதலில் பார்த்தவள் நான்தான்.

ஒரு மாதம் இப்படியே போனது. அண்ணன் தள்ளி நின்று தகர டின்னைத் தட்டுவான். ஓலைவெடி கொளுத்திப் போடுவான். குடையை விரிப்பான். குட்டி காதைத் திருப்பும், அவ்வளவுதான். “பனங்காட்டு நரி ஆயிடுச்சி” என்று நைனா ரயிலடியில் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டார். வைகாசியில் முதல் கல்யாணம் வந்தது. மாப்பிள்ளை விழுப்புரம் பக்கம் கெடார்க்காரர்.

வெள்ளைக் குதிரைதான் வேண்டும் என்று அவர்கள் கேட்டிருந்தார்கள். நைனா மூன்று டப்பா முகப்பவுடர் வாங்கி வந்தார். நானும் அண்ணனும் மத்தியானம் முழுக்கக் குட்டிக்குப் பவுடர் அடித்தோம். தெருவெல்லாம் மணத்தது. குட்டி இரண்டு தும்மல் போட்டது.

சாயங்காலம் ஐந்து மணி, வெயில் இறங்கவில்லை. கோயில் வாசலில் மேளக்காரர்கள் தயார். மாப்பிள்ளை கோட்டும் தலைப்பாகையும் புது பூட்ஸுமாக வந்தார். இடதுபக்கம் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஏறி நின்று, பிடரியைப் பிடித்து, வலதுகாலைத் தூக்கி அந்தப் பக்கம் போட்டார். பூட்ஸ் குட்டியின் வலது விலாவில் இடித்தது.

அவ்வளவுதான். குட்டி ஒரே எட்டில் இடதுபக்கம் தாவியது. பெஞ்சு கவிழ்ந்தது. மாப்பிள்ளை மண்ணில் கிடந்தார். தலைப்பாகை உருண்டு தவில்காரர் காலடியில் போய் நின்றது. மணிக்கட்டு பிசகி, மறுநாள் கையில் கட்டோடுதான் தாலி கட்டினாராம். அபசகுனம் என்று பெண்வீட்டுக்காரர்கள் கத்திய கத்தலில் நைனா குட்டியை இழுத்துக்கொண்டு சந்து வழியாக வீட்டுக்கு வந்து சேர்ந்தார்.

அன்றைக்கு எங்கள் வாசலில் கூடியவர்களுக்குக் குறைவில்லை. வாங்கும்போது பற்களை எண்ணிப் பார்த்து, உடம்பெல்லாம் தடவிப் பார்த்து, சுழி சுத்தம் என்று சொன்ன அதே ஆட்கள், இப்போது நெற்றியில் ஒரு கெட்ட சுழியைக் கண்டுபிடித்தார்கள். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். அத்தை எல்லாரையும் மிஞ்சினாள். “பொம்பளப் புள்ள ஏறுன குதிர, ஆம்பளைய எப்பிடித் தாங்கும்? நான் அப்பவே சொன்னேன்.”

குப்புறத் தள்ளிய குதிரை குழியும் பறித்தது என்பார்களே, எனக்கு அப்படி ஆயிற்று. அத்தனை பேரிலும் குட்டியின் வலதுபக்கத்தில் நின்று பார்த்தவள் நான் ஒருத்திதான். சொன்னேன். “நைனா, அதுக்கு வலதுபக்கம் கால் பட்டே பழக்கமில்ல. நான் இந்தப் பக்கமே உக்காந்துக்கினு இருந்தேன் இல்ல? அந்தப் பக்கம் இன்னா வருதுன்னே அதுக்குத் தெரியாது.”

“சும்மா இரு. ஏற்கெனவே பேஜாரா கீது” என்றார் நைனா.

அடுத்த புதன்கிழமை விழுப்புரத்துத் தரகர் வந்து குட்டியைத் திரும்ப ஓட்டிக்கொண்டு போவதாக முடிவானது. விழுப்புரத்தில் சர்க்கஸ் கூடாரம் போட்டிருந்தார்கள். அங்கே கொடுத்துவிடுவாராம். வித்தை காட்டவா என்று கேட்டேன். அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, “புலிக்கு” என்றான்.

நான் அழவில்லை. அழுதால் காரியம் நடக்காது என்று எனக்கு அந்த வயதிலேயே தெரியும். கையில் ஐந்து நாள் இருந்தது. பகலில் குட்டியை ஏரியில் மேய்க்கும் வேலை எனக்கும் அண்ணனுக்கும். நைனா ரயிலடியில் இருப்பார். அத்தை சாப்பிட்டதும் தூங்குவாள். அண்ணனிடம் அவனுடைய காக்கி அரைக்கால் சட்டையைக் கேட்டேன்.

“தரேன். எனக்குக் குதிரைன்னா பயம்னு நீ வெளிய யார்கிட்டயும் சொல்லக் கூடாது.”

“சொல்லமாட்டேன்.”

முதல் நாள் வலதுபக்கம் போய் நின்றேன். அது என்னை யாரோ வேற்றாள் என்பதுபோலப் பார்த்தது. ஒரு மாதம் முதுகில் சுமந்த என்னை! கழுத்தில் கை வைத்தால் விட்டது. விலாவுக்குக் கை நகர்ந்தால் தோல் துடித்தது. இடதுபக்கம் பழகியது வலதுபக்கத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. எல்லாவற்றையும் மறுபடி முதலிலிருந்து தொடங்கவேண்டியிருந்தது. இரண்டாம் நாள் கோணியால் தேய்த்தேன். உதைத்தது. பக்கத்திலிருந்த வாளி நசுங்கியது. அந்த வாளிக்கு அத்தையிடம் என்ன கதை சொன்னோம் என்று இப்போது நினைவில்லை. மூன்றாம் நாள் வலதுபக்கத்திலிருந்து ஏறிக் குப்புறப் படுத்தேன். நாலாம் நாள் காலைத் தூக்கி இரண்டு பக்கமும் போட்டேன். ஒரே உதறல். கரையோரம் காய்ந்த களிமண்ணில் விழுந்து முழங்கை தோலுரிந்தது. அண்ணன் கயிற்றை விட்டுவிட்டு ஓடவில்லை. கண்ணை இறுக மூடிக்கொண்டு பிடித்தபடியே நின்றான். மறுபடி ஏறினேன். காலை மெதுவாக இறக்கி, பாதத்தை விலாவில் வைத்து அப்படியே இருந்தேன். அது பெருமூச்சு விட்டுத் தலையைத் தாழ்த்தியது. அதன் உடம்புச் சூடு இரண்டு தொடையிலும் ஒரே அளவாக ஏறியது. ஒருபக்கமாக உட்கார்ந்த ஒரு மாதமும் நான் குதிரை மேல் ஒட்டிக்கொண்டிருந்தேன், அன்றைக்குத்தான் உட்கார்ந்தேன்.

புதன்கிழமை மத்தியானம் தரகர் ரயிலடியில் வந்து காத்திருப்பதாகவும் குட்டியை அங்கே கொண்டுவரும்படியும் ஆள் வந்து சொன்னான். கொண்டுபோனேன். மேலே உட்கார்ந்து கொண்டுபோனேன். காக்கி அரைக்கால் சட்டை, மேலே என் பள்ளிக்கூடத்து வெள்ளைச் சட்டை, எண்ணெய் வைத்து இறுக்கிய இரட்டைப் பின்னல். ரேஷன் கடை வரிசை அப்படியே திரும்பிப் பார்த்தது. குழாயடியில் குடத்தோடு நின்ற அத்தை, “அடியே, எறங்குடி” என்றாள். நான் அவளைப் பார்த்தேன், இறங்கவில்லை. ரயிலடி முனைவரை அண்ணன் கயிற்றைப் பிடித்து வந்தான். அதற்குமேல் வரமாட்டேன் என்று நின்றுவிட்டான். கடைசி ஐம்பது அடி நானும் குட்டியும் மட்டும்.

ஸ்டாண்டில் ஏழெட்டு ஜட்காக்காரர்கள், பீடியும் வெற்றிலையுமாக. எல்லாரும் அண்ணாந்து பார்த்தார்கள். தரகர் எழுந்து வந்து, வலதுபக்கமாகவே வந்து, குட்டியின் விலாவில் தட்டினார். என் காலையும் சேர்த்துத் தட்டினார். குட்டி அசையவில்லை.

“நல்லாத்தானே கீது. யாருப்பா பழக்குனது?”

நைனா என்னைப் பார்த்தார். என் காலைப் பார்த்தார். “பையன்தான்” என்றார்.

நான் மேலே உட்கார்ந்திருக்கிறேன். எனக்குக் கீழே நின்றுகொண்டு சொல்கிறார்.

“அண்ணன் இதும்மேல ஒரு நாளும் ஏறல நைனா. அவனுக்குப் பயம். நான்தான் பழக்குனேன்” என்றேன். ஸ்டாண்டே சிரித்தது. முனையில் நின்ற அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். கொடுத்த வாக்கை மீறினேன். அந்தக் கோடையில் நான் செய்ததில் வெட்கப்படுவது அந்த ஒன்றுக்குத்தான்.

“எறங்கு பாப்பா” என்றார் நைனா.

“விக்கலன்னு சொல்லு. எறங்குறேன்.”

“எறங்குன்றேன் இல்ல?”

“இவுரு இத்த புலிக்குப் போடுவாரு. விக்கலன்னு இவுங்க எல்லார் எதிரிலயும் சொல்லு.”

நைனா கையில் சாட்டை இருந்தது. அவர் அதைத் தூக்கவில்லை. ஓங்கியிருந்தாலும் நான் இறங்கியிருக்கமாட்டேன். அதற்குள் பாசஞ்சர் ரயில் ஊதிக்கொண்டு உள்ளே நுழைந்தது. குட்டி காதை மட்டும் திருப்பியது. சனங்கள் வெளியே வந்தார்கள். வரிசையில் முதல் வண்டி நைனாவுடையது. இரண்டு பெட்டியும் ஒரு பலாப்பழமுமாக ஒரு பெரியவர் அவர் முன்னால் வந்து நின்று, “பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி வருமா வராதா? வானூர் பஸ் பூடும்” என்றார். நைனா என்னைப் பார்த்தார், பெரியவரைப் பார்த்தார். ஓர் ஆட்டோ புறப்பட்டுப் பக்கத்தில் வந்து ஹாரன் அடித்தது.

“விக்கல. எறங்கித் தொல” என்றார்.

மனம் இளகிச் சொன்னதாக நான் கதை கட்டமாட்டேன். சவாரி போய்விடும் என்றுதான் சொன்னார். ஆனால் ஸ்டாண்டில் நாலு பேர் முன்னால் சொன்ன சொல்லை ஜட்காக்காரன் மாற்றமுடியாது. தரகர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு டீக்கடைக்குப் போனார்.

வீட்டில் துடைப்பக்கட்டை காத்திருந்தது. அத்தை அடித்தாள், அம்மா தடுக்கவில்லை. காக்கி அரைக்கால் சட்டை வெந்நீர் அடுப்பில் எரிந்தது. அதற்கு அண்ணனும் வாங்கினான். தீபாவளிவரைக்கும் அவன் என்னோடு பேசவில்லை. குட்டியின் பக்கம் போகக்கூடாது என்று எனக்குத் தடை போட்டார்கள். ஆறு மாதத்தில் பெரியவளானேன், தடை நிரந்தரமாயிற்று. அடுத்த முகூர்த்தத்தில் நைனா பெஞ்சு போட்டு, பயந்து பயந்து, ஒரு மாப்பிள்ளையை ஏற்றினார். பூட்ஸ் விலாவில் பட்டது. குட்டி நின்ற இடத்தில் நின்றது. அதன்பிறகு திண்டிவனத்தில் எங்கள் குதிரை இல்லாமல் கல்யாணமே கிடையாது என்று ஆனது. யார் கேட்டாலும் நைனா சாகும்வரை ஒரே பதில்தான் வைத்திருந்தார். “எம் பையன் பழக்குனது.” அத்தையும் அதையே சொன்னாள். கடைசியில் அண்ணனே அதை நம்பத் தொடங்கிவிட்டான். அவனுக்காக அதை நான் விட்டுவிட்டேன். உங்களிடம் விடமாட்டேன்.

ஏனென்றால் உங்களில் பாதிப்பேர் நம் ஊரிலேயே வாழ்க்கைப்பட்டவர்கள். வீட்டுக்குப் போனதும் கல்யாண ஆல்பத்தை எடுங்கள். தலைப்பாகை, மாலை, கூலிங் கிளாஸ், குதிரை மேல் நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்திருப்பாரே உங்கள் வீட்டுக்காரர், அந்தப் படத்தைப் பாருங்கள். அவர் விழாமல் உட்கார்ந்திருப்பது, ஒரு பதினொரு வயதுப் பெண் அடக்கமில்லாமல் உட்கார்ந்த இடத்தில்.